யூபிஎஸ் காட்டும் நிமிடக் கணக்கு: பேட்டரி செட்டிங்கையும் இவென்ட் லாகையும் சேர்த்துப் படித்த அனுபவம்

யூபிஎஸ் திரையில் "மீதி நேரம்" என்று ஓர் எண் தெரியும். பேட்டரியை அளந்து பார்த்துச் சொல்கிற எண் அது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். லெட் ஆசிட் பேட்டரிக்குள் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று நேராக அளக்க எந்த யூபிஎஸ்ஸாலும் முடியாது. அதற்குத் தெரிவது மொத்த வோல்டேஜ், உள்ளே போகிற அல்லது வெளியே வருகிற கரண்ட், சென்சார் மாட்டியிருந்தால் வெப்பநிலை. அவ்வளவுதான். எத்தனை பேட்டரி, ஒவ்வொன்றும் எத்தனை ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு), எத்தனை ஸ்ட்ரிங் (தொடராகக் கோத்த பேட்டரி வரிசை) என்பதெல்லாம் யாரோ மெனுவில் தட்டி வைத்தது. அதை நம்பித்தான் இயந்திரம் கணக்குப் போடுகிறது. மேஜைக்கு அடியில் வைக்கும் சின்ன யூபிஎஸ்களில் இந்த விவரங்கள் தயாரிக்கும்போதே பதிந்து வந்துவிடும். தனி பேட்டரி பேங்க் (பேட்டரித் தொகுப்பு) வைக்கும் ஆன்லைன் யூபிஎஸ் (கருவிகளுக்கு எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் வகை) என்றால் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் அறைகளில் ஒன்றில் 10 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் இருந்தது. 12 வோல்ட் பேட்டரிகள் 16 சேர்ந்த ஸ்ட்ரிங், ஒவ்வொன்றும் 42 ஏஎச். முன்பு இரண்டு ஸ்ட்ரிங் இருந்திருக்கிறது. பேட்டரி மாற்றியபோது ஒன்றோடு போதும் என்று முடிவாகி, மாற்ற வந்தவர்கள் புது ஸ்ட்ரிங்கை இணைத்து, ஆன் செய்து, திரையில் பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மெனுவில் ஸ்ட்ரிங் எண்ணிக்கை இரண்டு என்றே இருந்தது. சுமார் 4 கிலோவாட் லோடுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் தாங்கும் என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் மெயின்ஸ் போன ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடி, எல்லாம் ஒரே அடியாக அணைந்தது. சர்வர்களை ஒழுங்காக மூடும் சாஃப்ட்வேர், மீதி நேரம் 10 நிமிடத்துக்குக் கீழே வரட்டும் என்று காத்திருந்தது. திரையின் கணக்குப்படி அப்போதும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது!

பேட்டரி பாதியானால் நேரமும் பாதிதானே குறைய வேண்டும், மூன்றில் ஏன் ஒன்றரை கூட வரவில்லை என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் கேட்டார். லெட் ஆசிட் பேட்டரியின் குணம் அப்படி. 42 ஏஎச் என்று மேலே அச்சடித்திருப்பது பெரும்பாலும் 20 மணி நேரமோ 10 மணி நேரமோ மெதுவாக எடுக்கும் கணக்கு. வேகமாக எடுத்தால் அவ்வளவும் கிடைக்காது. இரண்டு ஸ்ட்ரிங் பகிர்ந்து தூக்கிய கரண்டை ஒன்றே தூக்கும்போது வேகம் இரட்டிப்பாகிறது, அதனால் நேரம் பாதிக்கும் கீழே போகிறது. இதே காரணத்தால் லோடைப் பாதியாகக் குறைத்தால் பேக்கப் இரண்டு மடங்குக்கு மேலே கிடைக்கும். தேவையில்லாத இரண்டு பழைய சர்வர்களை அணைப்பது சில சமயம் புது பேட்டரி வாங்குவதைவிட நல்ல வழி.

சரி, மெனுவுக்குள் போவோம். முதலில் பார்க்க வேண்டியது பேட்டரிகளின் எண்ணிக்கை. ஒரே மாடல் யூபிஎஸ்ஸில் 16, 18, 20 என்று எண்ணிக்கையை மாற்ற இடம் இருக்கும். 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 6 செல்கள். 16 பேட்டரி என்றால் 96 செல்கள். சார்ஜர் கொடுக்க வேண்டிய வோல்டேஜ், கட்-ஆஃப் (பேட்டரியை இதற்குக் கீழே இறங்க விடாமல் நிறுத்தும் வோல்டேஜ்), அலாரம் எல்லாமே இந்தச் செல் கணக்கில் இருந்துதான் பிறக்கின்றன. 16 பேட்டரி மாட்டிவிட்டு மெனுவில் 20 என்று விட்டால் சார்ஜர் 20 பேட்டரிக்கான வோல்டேஜை 16 தலையில் கொட்டும். பேட்டரி சூடாகி, உப்பி, வீணாகும். மற்ற செட்டிங்குகள் தப்பானால் பெரும்பாலும் ஆயுளோ நேரமோ குறையும். இது நேராக ஆபத்திலேயே முடியலாம்.

அடுத்தது ஏஎச், ஸ்ட்ரிங் எண்ணிக்கை, சார்ஜிங் கரண்ட். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியவை. சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரிக்குப் பொதுவாக ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு சார்ஜிங் கரண்ட் வைப்பார்கள். 42 ஏஎச் என்றால் 4 ஆம்பியரை ஒட்டி. அதிகபட்சம் எவ்வளவு என்பது பேட்டரியின் மேலேயோ டேட்டா ஷீட்டிலோ இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. நான் சொன்ன யூபிஎஸ்ஸில் இரண்டு ஸ்ட்ரிங் என்ற நினைப்பில் 8 ஆம்பியருக்கு மேல் ஒரே ஸ்ட்ரிங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த பேட்டரி அதைத் தாங்கக்கூடியதுதான், இருந்தாலும் ஒவ்வொரு முறை காலியாகி நிறையும்போதும் தேவையில்லாத சூடு. நேர் எதிரான தப்பையும் பார்த்திருக்கிறேன். யூபிஎஸ் உள்ளே வைக்கும் 9 ஏஎச் பேட்டரிக்கான ஆரம்ப செட்டிங் அப்படியே இருக்க, வெளியே 65 ஏஎச் பேங்க் மாட்டியிருந்தார்கள். அந்த செட்டிங் கொடுக்கும் ஒரு ஆம்பியரில் அது நிறைய மூன்று நாளுக்கு மேலாகும். அதற்குள் அடுத்த மின்தடை வந்துவிட்டால் பேட்டரி அரைகுறையாகவே கிடக்கும். அரைகுறைச் சார்ஜில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகி, அதன் கொள்ளளவு மெல்லச் செத்துவிடும்.

நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கக் கொடுக்கும் ஃப்ளோட் வோல்டேஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பேட்டரி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது இந்த வோல்டேஜில்தான். 25 டிகிரியில் ஒரு செல்லுக்கு 2.25 முதல் 2.30 வோல்ட் வரை என்பது வழக்கம், துல்லியமான எண்ணைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 2.25 என்று வைத்தால் 96 செல்லுக்கு 216 வோல்ட். குறைத்து வைத்தால் பேட்டரி முழுமையாக நிறையாது, கூட்டி வைத்தால் உள்ளே தண்ணீர் வற்றும். சீல் செய்த பேட்டரியில் வற்றிய தண்ணீரை ஊற்றித் திரும்ப நிரப்ப வழியில்லை.

வெப்பம் ஏறினால் இந்த வோல்டேஜை இறக்க வேண்டும். செல்லுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 3 மில்லிவோல்ட் என்பது பலரும் வைக்கும் கணக்கு. பேட்டரி 35 டிகிரியில் இருக்கிறது என்றால் 10 டிகிரி கூடுதல். 96 செல்லுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.9 வோல்ட் குறைத்து 213 வோல்ட் அளவில் நிறுத்த வேண்டும். மெனுவில் "டெம்பரேச்சர் காம்பென்சேஷன்" என்று இருப்பது இந்த வேலைக்குத்தான். அதை ஆன் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, சென்சார் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சென்சார் கேபிள் சுருட்டிய நிலையில் ஏசி காற்று படுகிற சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி கேபினெட்டின் உள்ளே புழுக்கம். யூபிஎஸ்ஸோ அறை குளுகுளு என்று நினைத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டிருந்தது. சென்சார் பேட்டரிகளுக்கு நடுவில், மேல் தட்டில் இருப்பது நல்லது. சூடு மேலேதான் சேரும். வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான விதி. காம்பென்சேஷன் அந்தப் பாதிப்பைக் கொஞ்சம் குறைக்கும், நீக்கிவிடாது.

பூஸ்ட் சார்ஜ், ஈக்வலைஸ் (கொஞ்ச நேரம் வோல்டேஜைக் கூட்டிச் சார்ஜ் செய்வது) என்றெல்லாம் மெனுவில் இருக்கும். பேட்டரி தயாரிப்பாளர் கேட்டால் ஒழிய அடிக்கடி ஓட விட வேண்டாம் என்பது என் கருத்து.

கட்-ஆஃப் வோல்டேஜ் பலரும் தொடாத இடம். இருந்த வோல்டேஜையே விட்டால் என்ன என்று கேட்பார்கள். அதிக லோடில் கால் மணி, அரை மணி நேரத்தில் காலியாகும் பேங்க் என்றால் செல்லுக்கு 1.67 வோல்ட் வரை இறங்கலாம். குறைந்த லோடில் பல மணி நேரம் ஓடும் பேங்க்கை அதே அளவுக்கு இறக்கினால், வேதியியல் ரீதியாக அது மிக ஆழமாகக் காலியாகிவிடும், 1.75, நீண்ட நேரம் என்றால் 1.80 என்று மேலேயே நிறுத்துவது பாதுகாப்பு. சில யூபிஎஸ்கள் லோடைப் பார்த்துத் தாமே மாற்றிக்கொள்ளும். நம்முடையது அந்த ரகமா என்று மேனுவலில் பார்த்துவிட்டால் போதும். கட்-ஆஃப் ஆகி அவுட்புட் நின்ற பிறகும் யூபிஎஸ்ஸின் கன்ட்ரோல் போர்டு பேட்டரியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். மெயின்ஸ் திரும்ப நாளாகும் என்று தெரிந்தால் பேட்டரி பிரேக்கரை ஆஃப் செய்து வையுங்கள்.

இப்போது லாக், அதாவது யூபிஎஸ் தானே எழுதி வைக்கும் பதிவு. பேட்டரி மெனுவைத் தொடுவதற்கு முன்னால் யூபிஎஸ்ஸின் கடிகாரத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். நெட்வொர்க் கார்டு இருந்தால் என்டிபி சர்வரை (நெட்வொர்க் வழியாக நேரத்தைத் தரும் சர்வர்) கொடுத்து, டைம் ஸோனையும் சரியாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கார்டு இல்லாத மாடலில் உள்ளே இருக்கும் காயின் பேட்டரி தீர்ந்தால் தேதி எங்கேயோ பின்னால் போய் நிற்கும். சர்வர் லாகில் ஒரு நேரம், யூபிஎஸ் லாகில் வேறு நேரம் என்றால், மெயின்ஸ் போனதால் சர்வர் விழுந்ததா, சர்வர் விழுந்தது தனிக் கதையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவென்ட் லாகில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது. "பேட்டரிக்கு மாறியது", "மெயின்ஸ் திரும்பியது" என்பதை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, நடுவில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ்ஸின் (சாதாரணமாக மெயின்ஸையே அனுப்பி, அது கெட்டால் பேட்டரிக்கு மாறும் வகை) லாக் முழுக்க இரண்டு விநாடி, மூன்று விநாடி ஜோடிகளாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் மின்தடை என்று யாரும் புகார் சொன்னதே இல்லை. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தோடு ஒப்பிட்டதும் விஷயம் வெளிச்சமானது. ஜெனரேட்டரின் அலைவடிவம் கொஞ்சம் கரடுமுரடு; யூபிஎஸ்ஸின் சென்சிட்டிவிட்டி "ஹை" என்று இருந்ததால் ஒவ்வொரு சின்னக் குலுக்கலுக்கும் பேட்டரிக்குத் தாவிக்கொண்டிருந்தது. "மீடியம்" என்று இறக்கி, 230 வோல்ட் அமைப்பில் 208 என்று இருந்த கீழ் எல்லையை 196 ஆக்கியதும் அந்த வரிகள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. இப்படி எல்லையை அகலமாக்கும் முன்பு, பின்னால் இருக்கும் கருவிகளின் பவர் சப்ளை அந்த வோல்டேஜைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சர்வர்களில் இருப்பது பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் வகை, அதனால் பயமில்லை. பழைய மோட்டார், லேப் கருவி ஏதாவது இருந்தால் யோசிக்க வேண்டும்.

அந்தக் குட்டி வரிகளால் இன்னொரு தொல்லையும் உண்டு. யூபிஎஸ்ஸின் லாகில் இவ்வளவு வரிகள்தான் என்று ஓர் எல்லை இருக்கும், நிறைந்ததும் பழையது அழியும். இரண்டு விநாடித் தாவல்கள் குவிந்து குவிந்து, "செல்ஃப் டெஸ்ட் தோல்வி" என்ற ஒரே உருப்படியான வரியைத் தள்ளிவிட்டிருந்தன. அதனால் லாகை யூபிஎஸ்ஸுக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டாம். நெட்வொர்க் கார்டு இருந்தால் சிஸ்லாக் சர்வருக்கு (பல கருவிகளின் லாகையும் சேர்த்து வைக்கும் சர்வர்) அனுப்பிவிடலாம், யுடிபி 514 போர்ட். யுஎஸ்பி கேபிள் மட்டும்தான் என்றால் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் அல்லது ஏபிசியூபிஎஸ்டி போன்ற இலவச மென்பொருள் ஒன்றை லினக்ஸில் ஓடவிட்டால் அது தன் பங்குக்கு நிகழ்வுகளை எழுதி வைக்கும். எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளின் அளவுகளைத் தூரத்திலிருந்து படிக்கும் முறை) வழியாக எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 1994இல் வந்த ஆர்எஃப்சி 1628 தரப்படி பேட்டரி வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு வோல்ட் கணக்கில் வரும். 2160 என்று கிராஃபில் தெரிந்தால் அது 216 வோல்ட். இதைப் பார்த்துப் பதறிப்போய் நள்ளிரவில் கூப்பிட்டவர்கள் உண்டு.

"பைபாஸுக்கு மாறியது" என்ற வரியைப் பார்த்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை விசாரியுங்கள். பைபாஸில் இருக்கும்வரை லோடு நேராக மெயின்ஸில் தொங்குகிறது, பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை கொடுக்காது. ஓவர்லோடு, அதிகச் சூடு, யாரோ பட்டனை அழுத்தியது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

இவென்ட் லாக் என்ன நடந்தது என்று சொல்லும். டேட்டா லாக், அதாவது குறிப்பிட்ட இடைவெளியில் வோல்டேஜையும் லோடையும் எழுதும் பதிவு, எப்படி நடந்தது என்று சொல்லும். டேட்டா லாகின் இடைவெளி 10 நிமிடம் என்று இருந்தால் ஒரு மின்தடையில் ஓரிரண்டு புள்ளிதான் கிடைக்கும். டிஸ்சார்ஜ் டெஸ்ட் (பேட்டரியை வேண்டுமென்றே காலி செய்து பார்க்கும் சோதனை) செய்யும் நாளில் மட்டும் அதை ஒரு நிமிடம் அல்லது அதற்கும் கீழே குறைத்துவிட்டு, முடிந்ததும் பழையபடி மாற்றுவேன். அப்போது ஒன்றைக் கவனிக்கலாம்: மெயின்ஸ் போன முதல் கணங்களில் பேட்டரி வோல்டேஜ் சட்டென்று விழுந்து, பிறகு சற்று ஏறி, அதற்கப்புறம்தான் மெதுவாக இறங்கத் தொடங்கும். நிறைய சார்ஜ் ஆன லெட் ஆசிட் பேட்டரியின் இயல்பு அது. தானியங்கி செல்ஃப் டெஸ்ட் பல யூபிஎஸ்களில் சில விநாடிகளே ஓடுவதால் அது பார்ப்பது இந்த முதல் பள்ளத்தை மட்டும்தான். செத்த பேட்டரியைப் பிடிக்க அது போதும். பாதி உயிரோடு இருக்கும் பேட்டரி அதில் தேறிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செல்ஃப் டெஸ்ட் பாஸ் என்று லாகில் வரிசையாக இருப்பதைக் காட்டி "பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை.

லாகும் சரி, திரையும் சரி, சுத்தமாக மறைக்கும் ஒன்று உண்டு. ஸ்ட்ரிங்கில் ஒரு செல் ஷார்ட் ஆனாலும் மொத்த வோல்டேஜ் 216 என்றே இருக்கும், ஏனென்றால் சார்ஜர் பிடித்து வைத்திருப்பது மொத்தத்தை. 96 செல்லுக்கான வோல்டேஜ் இப்போது 95 செல்லில் பிரியும். அந்தப் பழுதான பேட்டரி 11.4 வோல்ட் அளவில் நிற்கும், மற்றவை ஒவ்வொன்றும் 13.5இலிருந்து 13.64 ஆகும். 95 செல்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் சார்ஜ் வாங்கும். திரையில் எல்லாம் பச்சை. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பேட்டரியையும் மல்டிமீட்டரால் தனியாக அளப்பதைத் தவிர எளிய வழி இல்லை. ஸ்ட்ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது, தொட்டால் உயிருக்கு ஆபத்து. மோதிரம், வாட்ச் கழற்றி, இன்சுலேட்டட் கருவியோடு, பழகியவர் மட்டுமே கேபினெட்டைத் திறக்க வேண்டும். கேபிள் லக் தளர்ந்திருக்கிறதா, டெர்மினலில் பொடி பூத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சர்வரை மூடும் செட்டிங்கில் என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஏபிசியூபிஎஸ்டியில் பேட்டரிலெவல் 5 சதவீதம், மினிட்ஸ் 3, டைம்அவுட் 0 என்று ஆரம்பத்தில் இருக்கும். முதல் இரண்டும் யூபிஎஸ்ஸின் மதிப்பீட்டை நம்புபவை. பூஜ்ஜியம் என்றால் மூன்றாவது வேலை செய்யாது. பேட்டரி வயதாக ஆக மதிப்பீடு பொய்யாகும், கடைசி 30 சதவீதம் இருந்த இடம் தெரியாமல் போகும். எனவே டைம்அவுட்டுக்கும் ஒரு மதிப்பு கொடுத்துவிடுவேன்: பேட்டரிக்கு மாறி இத்தனை விநாடி ஆனால், சதவீதம் என்னவாக இருந்தாலும் மூடு. எத்தனை விநாடி என்பது சர்வர் மூட எடுக்கும் நேரத்தைப் பொறுத்தது. விர்ச்சுவல் மெஷின்கள் நிறைய உள்ள ஹோஸ்ட் முழுவதும் அணைய 10 நிமிடம்கூட ஆகலாம், ஒரு முறை கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸிலும் யூபிஎஸ்ஷெட் மூலம் இதே மாதிரி டைமர் வைக்கலாம்.

பேட்டரி மாற்றிய தேதியையும் மெனுவில் பதிய வேண்டும். அந்தத் தேதியை வைத்துத்தான் "பேட்டரி மாற்றவும்" என்ற நினைவூட்டல் வரும். பல யூபிஎஸ்கள் பழைய பேட்டரியின் நடத்தையைக் கற்று வைத்திருக்கும். புது பேட்டரி போட்டாலும் கொஞ்ச காலம் பழைய நிமிடங்களையே காட்டும். ரன்டைம் கேலிப்ரேஷன் (மீதி நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் ஓட்டம்) என்ற வசதி இருந்தால், முழு சார்ஜ் ஆன பிறகு, லோடு ஏறி இறங்காத நேரத்தில் ஒரு தடவை ஓட்டலாம். பேட்டரியை ஆழமாகக் காலி செய்யும் வேலை அது, மாதா மாதம் செய்தால் நாமே ஆயுளைத் தின்றுவிடுவோம். ஓட்டி முடித்ததும் பேட்டரி திரும்ப நிறையும்வரை முழு பேக்கப் இல்லை என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். முழு டிஸ்சார்ஜ் டெஸ்டில் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே சரிவு வேகம் பிடிக்கும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகை என்ற இடத்தில் லித்தியம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த யூபிஎஸ் அதற்கானது இல்லை. லெட் ஆசிட்டுக்கான ஃப்ளோட்டும் பூஸ்ட்டும் அதற்குப் பொருந்தாது, பேட்டரியின் பிஎம்எஸ்ஸோடு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) யூபிஎஸ் பேச வேண்டும்.

மெனுவில் உள்ள எல்லா எண்களையும் ஃபோனில் படம் எடுத்து வைப்பதோடு, ஒரு தாளில் எழுதி கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன்: எண்ணிக்கை, ஏஎச், ஸ்ட்ரிங், ஃப்ளோட், கட்-ஆஃப், சார்ஜிங் கரண்ட், மாற்றிய தேதி. ஃபர்ம்வேர் ஏற்றினாலோ கன்ட்ரோல் போர்டு மாற்றினாலோ இவை ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம், லாகும் போய்விடலாம். எனவே லாகை முன்கூட்டியே கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். போர்டு மாற்றிய பிறகு பேட்டரி எண்ணிக்கை மெனுவில் சரியாக இருக்கிறது என்று பார்த்த அப்புறம்தான் பேட்டரி பிரேக்கரை ஆன் செய்ய விட வேண்டும், வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும்.